இரண்டாவதாக வந்தவர்

எங்கள் வீட்டில் பிக் பாஸ் ஒரு பண்டிகை மாதிரி. அக்டோபர் பிறந்தால் அம்மா ராத்திரி சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கரணையில் அந்த நேரத்தில் காற்று திரும்பினால் பெருங்குடி குப்பைமேட்டு வாடை வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வதாகப் பாவனை செய்வேன். பிக் பாஸ் பார்ப்பதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்ளும் இலக்கிய வாசகர்களில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரைக்காக அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2021 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாவது சீசனில் நமீதா மாரிமுத்து வந்தார். மாடல், நாடோடிகள் 2 படத்தில் நடித்தவர், தமிழ் பிக் பாஸுக்குள் போன முதல் திருநங்கை. போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்ல வேண்டிய கட்டம் வந்தது. நமீதா தன் வீட்டில் பட்டதையும் வீட்டை விட்டு வெளியே வந்து பட்டதையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். எங்கள் ஹாலில் அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் முழுக்கதையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். அந்த வாரம் முடிவதற்குள் நமீதா நிகழ்ச்சியிலிருந்து போய்விட்டார். அம்மா சொன்னது: “பாவம்டா அது. எவ்ளோ பட்டிருக்கு.”

அடுத்த வருஷம், 2022 அக்டோபரில், ஷிவின் கணேசன் வந்தார். “போன வாட்டி வந்துச்சே, அந்த மாதிரியா?” என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். “ஓ” என்று நிறுத்திக்கொண்டார். இந்த முறை ஆள் ஒரு வாரத்தில் கிளம்பவில்லை. அந்த சீசனை ஹாட்ஸ்டாரில் இருபத்துநாலு மணி நேரமும் காட்டினார்கள். அம்மா பகலிலும் போனில் பார்க்கக் கற்றுக்கொண்டார். தீபாவளி போனது, மழை வந்தது, நாராயணபுரம் ஏரிப் பக்கம் வழக்கம்போல ரோட்டில் தண்ணீர் நின்றது. டிசம்பரில் ஒருநாள் நான் மீட்டிங்கில் இருக்கும்போது ஹாலிலிருந்து சத்தம்: “இவளுக்கு வாய் ஜாஸ்தி! எப்பப் பார்த்தாலும் எதையாவது கிளப்பி விடுறா!”

யாரைச் சொல்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். ஷிவினை.

அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பால் மாற்றத்தைப் பொதுவெளியில் வாழ நேர்ந்த பிரபலங்களைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் “முதல்” என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பத்மினி பிரகாஷ், முதல் திருநங்கைச் செய்தி வாசிப்பாளர். 2017இல் பணியில் சேர்ந்த பிரித்திகா யாஷினி, முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர். 2018இல் பதிவு செய்துகொண்ட சத்யஸ்ரீ ஷர்மிளா, முதல் திருநங்கை வழக்கறிஞர். 2019இல் நர்த்தகி நடராஜ், பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை. ஒவ்வொரு முறையும் புகைப்படம், பேட்டி, வாழ்த்து, வாட்ஸ்அப் ஃபார்வர்டு. இதில் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: இரண்டாவது சப்-இன்ஸ்பெக்டர் யார்? இரண்டாவது வழக்கறிஞர் யார்? எனக்கும் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை.

முதல் ஆளுக்கு நாம் காட்டுகிற வரவேற்பில் பாதி நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற பாராட்டு என்று நினைக்கிறேன். “பார்த்தீங்களா, நம்ம ஊர் எவ்ளோ முன்னேறிடுச்சு!” இதைச் சொல்வதற்கு ஒரே ஒரு ஆள் போதும். இரண்டாவது ஆள் வந்தால் அவரைப் பாராட்டி நமக்கு ஒரு லாபமும் இல்லை. அவரை அவராகத்தான் பார்க்க வேண்டும். அவர் நல்லவரா, சண்டைக்காரரா, வேலை தெரிந்தவரா, சோம்பேறியா என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். கிரேஸ் பானு பத்து வருஷத்துக்கும் மேலாகக் கிடைமட்ட இடஒதுக்கீட்டுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை என்று செய்திகள் அவரையும் எழுதின. அந்தப் பட்டத்தோடு அவர் நின்றிருக்கலாம். அவர் கேட்பதோ இரண்டாவது, இருபதாவது, இருநூறாவது ஆளுக்கான இடம். அந்தக் கோரிக்கைக்கு, “முதல்” செய்திக்கு விழுந்த லைக்கில் எத்தனை சதவீதம் விழுந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ்த் தொலைக்காட்சியில் முதல் ஆள் நமீதா கிடையாது. 2008இல் விஜய் டிவியில் “இப்படிக்கு ரோஸ்” வந்தபோது நான் பிளஸ் டூ. தாம்பரத்தில் வாடகை வீடு. ரோஸ் வெங்கடேசன் பொறியியல் படித்தவர், அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர். பேச வெட்கப்படுகிற குடும்ப விஷயங்களையெல்லாம் ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் பேசினார். அதே வருஷம் ஏப்ரல் 15ஆம் தேதி தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அது பெரிய வருஷம். அப்போது எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: அப்பா ரிமோட்டை எடுத்து வால்யூமைக் குறைப்பார், சேனலை மாற்ற மாட்டார். அம்மா புடவையைப் பார்ப்பார். நான் மறுநாள் ஸ்கூலில் ரோஸின் குரலில் பேசிக்காட்டி நாலு பேரைச் சிரிக்க வைப்பேன். எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அவர் என்ன பேசினார் என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. அந்த நிகழ்ச்சியில் ரோஸ் கேள்வி கேட்கிறவர், விருந்தினர்தான் கதை சொல்கிறவர். நாங்கள் அதைத் தலைகீழாக்கி ரோஸையே கதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நமீதாவுக்கு நடந்ததும் அதேதான். ஏளனம் போய்க் கண்ணீர் வந்திருந்தது. பதின்மூன்று வருஷத்தில் அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணீரும் கேட்டது பழைய கதையைத்தான். “அப்போ எப்படி இருந்தே? வீட்ல எப்படி அடிச்சாங்க? எப்போ தெரிஞ்சுது?” தலைப்புச் செய்திகளின் சூத்திரமும் அதுவே: ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய இன்னார். அவர் செய்கிற தொழில் அந்த வாக்கியத்தின் வாலில் எங்கோ தொங்கும். கல்லெறிகிறவருக்கும் கண்ணீர் விடுகிறவருக்கும் வேண்டியது அந்தப் பழைய போட்டோவும் பழைய பெயரும்தான். கூகுளில் ஒரு திருநங்கைப் பிரபலத்தின் பெயரை அடித்தால், பரிந்துரைகளில் என்ன வருகிறது என்று பாருங்கள். நானும் தேடியிருக்கிறேன்.

நம் சினிமா ரசனையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண் பெண்ணாக மாறுவதைத் தமிழ் ரசிகர்கள் எதிர்ப்பவர்கள் என்று சொல்லவே முடியாது. ஸ்திரீபார்ட்டைக் கொண்டாடிய ஊர் இது. ஔவையார் வேடத்தில் நடித்த டி.கே. சண்முகம் கடைசிவரை ஔவை சண்முகம்தான். 1996இல் அந்தப் பெயரைத் திருப்பிப் போட்டு மடிசாரில் வந்த கமல்ஹாசனைக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். அவரேதான் நமீதாவையும் ஷிவினையும் மேடையில் வரவேற்றவர். “சூப்பர் டீலக்ஸ்” படத்தில் ஷில்பாவாக வந்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. புடவையில் அவர் நடக்கும் நடையை எல்லோரும் வியந்தோம். வேடத்தைக் கலைத்துவிட்டுப் பேன்ட் சட்டையில் விழாவுக்கு வந்துவிடுவார் என்று தெரியுமாதலால் நம் வியப்புக்குப் பங்கம் வரவில்லை. 2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் “ஐ” படத்தில், ஒப்பனைக் கலைஞராகத் தொழிலில் பெயர் பெற்ற ஓஜஸ் ரஜானி என்ற நிஜத் திருநங்கை, ஒப்பனைக் கலைஞராகவே நடித்தார். அந்தப் பாத்திரத்தைக் காதலுக்குத் தகுதியில்லாத ஒன்றாகக் கேலி செய்த காட்சிகளுக்குத் தியேட்டர் சிரித்தது. திருநங்கைகள் போராடினார்கள். படம் ஓடியது. நானும் வேளச்சேரியில் பார்த்தேன். சிரித்தேனா என்று ஞாபகமில்லை. சிரித்திருப்பேன்.

சரி, ஷிவினுக்கு வருவோம். அம்மாவின் வாயில் நடந்த மாற்றம் எனக்கு முக்கியம், ஏனென்றால் தமிழில் ஒருவரைப் பற்றிய அபிப்பிராயம் வினைமுற்றின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஆங்கிலத்தில் பிரதிப்பெயரைக் கொஞ்சம் கவனித்தால் போதும். நமக்கு ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா நமீதாவைச் சொன்ன “அது” ஏளனமா? பேச்சுத்தமிழில் “பாப்பா தூங்குது”, “அக்கா வந்துச்சு” என்று செல்லமாகவும் சொல்கிறோம். அதனால் சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு அம்மாவின் தொனி தெரியும். அந்த “அது”வில் இரக்கம் இருந்தது, ஆள் இல்லை. பத்து வாரம் தினமும் பார்த்தபின் வந்த “இவ”ளில் இரக்கம் சுத்தமாக இல்லை. சமையலறையில் யாரோடு சண்டை, யாரை நாமினேட் செய்தாள், ஏன் செய்தாள் என்று எல்லாக் கணக்கும் இருந்தது. அம்மா எங்கள் சித்தியைத் திட்டும்போது வருகிற அதே குரல். யாரும் பாடம் நடத்தி அந்த விகுதி மாறவில்லை. கோபம் வந்ததும் அது தானாக மாறிவிட்டது.

தொல்காப்பியத்தில் இதற்கு இடம் உண்டு என்று பிறகுதான் படித்தேன். ஆண்மை திரிந்தவர்களை அது உயர்திணையில் வைக்கிறது; அவர்களைக் குறிக்கும் பெயர் ஆண்பால் முடிவை ஏற்காது என்றும் கிளவியாக்கம் விதிக்கிறது. பெருமைப்பட்டுக்கொள்ள அவசரப்பட வேண்டாம். உரைகாரர்கள் அங்கே உதாரணம் காட்டும் “பேடி” என்ற சொல்லை நாம் பிறகு கோழையைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டோம். 2022இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுகளைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு இந்தச் சமூகத்தினரைக் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம். பெயர்ச்சொற்களை அரசிதழில் போட்டுவிடலாம். வினைமுற்றை யார் போடுவது?

இதுவரை படித்தவர்களுக்கு நான் எங்கள் அம்மாவுக்கு ஒரு பதக்கம் குத்திவிட்டதாகத் தோன்றலாம். அவசரம் வேண்டாம். அந்த சீசனில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். மற்ற போட்டியாளர்கள் தப்புச் செய்தால் “பொய் சொல்றான்”, “குரூப்பிசம் பண்றா” என்று திட்டுகிற அதே ரசிகர்கள், ஷிவின் ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டால் சட்டென்று அவருடைய குரலுக்குப் போனார்கள், உடம்புக்குப் போனார்கள். அதுவரை “ஷிவின்” என்று எழுதிக்கொண்டிருந்த கையே அடுத்த வரியில் “அவன்” என்று எழுதியது. அப்படியானால் அதுவரை கொடுத்திருந்த “அவள்” நிபந்தனை ஜாமீன்தானே? ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை செல்லுபடியாகும், பிடிக்காததைச் செய்தால் ரத்து. பெண்ணாகப் பிறந்த ஒரு போட்டியாளரை நாம் எவ்வளவு வெறுத்தாலும் அவள் பெண் என்பதை ஒருநாளும் பறிப்பதில்லை. அவளைத் திட்டுவதற்கான வசைகளே பெண்ணுக்கானவைதான். ஷிவின் 2023 ஜனவரியில் இறுதி மேடைவரை வந்தார். அசீம் பட்டம் வென்றார், விக்ரமன் இரண்டாமிடம், ஷிவின் மூன்றாமிடம். பெருவாரியான ஓட்டு வாங்கித்தான் ஒருவர் அந்த இடத்துக்கு வர முடியும். அந்த ஓட்டுகளையும் அந்த “அவன்”களையும் ஒரே ஊர்தான் போட்டது. ஒரே ஆளே இரண்டையும் போட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் பிரபலத்தை விட்டுவிட்டு, பிரபலமாக மறுத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. நான் ஈசிஇ. எங்கள் வி.எல்.எஸ்.ஐ. பாடத்தில் லாம்டா விதிகள் என்று ஒரு பகுதி வரும். பதினாறு மதிப்பெண் கேள்விக்கு உத்தரவாதமான இடம். மீட்–கான்வே என்ற இரட்டைப் பெயரை “டாம் அண்ட் ஜெர்ரி” மாதிரி ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தோம். அந்த கான்வே, லின் கான்வே, திருநங்கை என்று வேலைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அறுபதுகளில் ஐபிஎம்மில் வேகமான கணினிகளுக்கான ஆராய்ச்சியில் இருந்தவர். பால் மாற்றத்துக்குத் தயாராவதாகச் சொன்னதும் 1968இல் வேலையை விட்டு நீக்கினார்கள். புதுப் பெயரில், புது ஆளாக, கான்ட்ராக்ட் புரோகிராமராக அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறினார். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடம், எம்ஐடியில் பாடம், பிறகு அந்தப் புத்தகம். எல்லாம் அந்த ரகசியத்தின் மேல் நின்றுதான். முப்பது வருஷம் யாருக்கும் முதல் ஆளாக இல்லாமல் வாழ்ந்தார். அதற்கு ஒரு விலை இருந்தது: ஐபிஎம்மில் செய்த வேலை பழைய பெயரில் கிடந்தது, அது தன்னுடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பழைய ஐபிஎம் திட்டத்தின் வரலாற்றை ஒரு ஆய்வாளர் தோண்டத் தொடங்கியபோதுதான், இனி மறைப்பதில் பயனில்லை என்று தன்னை வெளிப்படுத்தினார். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020இல். ஐம்பத்திரண்டு வருஷம். 2024 ஜூனில், எண்பத்தாறு வயதில் கான்வே இறந்தார்.

பழைய பெயரைச் சொன்னால் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். சரியாக இந்த இடத்தில்தான் என் அலுவலகமும் வருகிறது.

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்களுக்கும் ஒரு முதல் ஆள் இருந்தார். சிறப்புத் திட்டத்தில் எடுத்தார்கள். ஜூன் மாதம் கேக் வெட்டினார்கள், டவுன்ஹாலில் மைக் கொடுத்து “உங்க ஜர்னியைப் பத்திச் சொல்லுங்க” என்றார்கள், லிங்க்ட்இன்னில் எல்லோரும் பதிவு போட்டோம். நானும் நாலு வரி எழுதினேன், நன்றாகவே எழுதியிருந்தேன். எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார். ஏன் போனார் என்று கேட்ட ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆள் என் டீமிலேயே இருந்தார். நாலு வருஷம் என் பக்கத்து சீட். அவரை நான் “மச்சி” என்றுதான் கூப்பிடுவேன். ஷோளிங்கநல்லூர் சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு முட்டை தோசை தின்ற சிநேகம். ஒரு நீண்ட விடுப்புக்குப் பிறகு, புதுப் பெயரில், புது ஐடி கார்டோடு வந்தார். கேக் இல்லை, டவுன்ஹால் இல்லை; அவரே வேண்டாம் என்றிருந்தார். எங்கள் டீம் பையன்கள் தங்கமானவர்கள். ஒருத்தனும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எல்லோரும் “நீங்க”வுக்கு மாறினோம். “நீங்க பாத்துட்டீங்களா?”, “உங்களுக்கு ஓகேங்களா?” மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவர் கேட்டார்: “ஏன்டா எல்லாரும் என்னை வயசான மாமி மாதிரி நடத்துறீங்க?” சிரித்தோம். அதற்கப்புறமும் “நீங்க”தான். மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பாதி பயம், பாதி தூரம். எந்த விகுதியில் தடுக்கி விழுவோமோ என்று, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற “ஆர்”, “ஈங்க”வுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டிருந்தோம். நான் மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள், இப்போதும் “அவர்” என்றுதான் எழுதுகிறேன். பிரபலங்களை அச்சில் “அவர்” என்று எழுதிவிட்டு டீக்கடையில் வேறு விகுதியில் பேசுகிற ஊர்க்காரன்தானே நானும்.

பிறகு அந்த இரவு. ராத்திரி ரெண்டு மணி, புரொடக்‌ஷன் விழுந்துவிட்டது. காலில் இருபது பேர், கஸ்டமர் பக்கத்திலிருந்து யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் போன மாற்றம் அவளுடையது. நான் மியூட்டை எடுத்துவிட்டுச் சொன்னது: “எங்க போனான் அவன்? சேஞ்ச் போட்டவன் லைன்ல இருக்கானா இல்லையா?”

ஒரே மூச்சில் நாலு முறை. இருபது பேர் நடுவில்.

இரண்டு மூன்று நொடி யாரும் பேசவில்லை. பிறகு அவள் குரல்: “லைன்லதான் இருக்கேன். ரோல்பேக் ஓடிட்டிருக்கு. பத்து நிமிஷம் குடுங்க.”

பழக்கத்தில் வந்தது, நாலு வருஷப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அன்றிரவு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று மாதமாகப் பகலில் ஒருமுறைகூட வராத பழக்கம், அவள் தப்புச் செய்துவிட்டாள் என்று கோபம் வந்த நிமிஷத்தில் எப்படி வந்தது? அதுவும் கணக்காக. ஷிவினைத் திட்டியவர்களின் அடுத்த வரி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவனுக்குப் பதில் தன் வாயிலேயே கிடைத்தது. ஜாமீனை ரத்து செய்யும் அதிகாரம் என் கையிலும் இருந்திருக்கிறது. இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. ஒரு விஷயத்தில் அம்மா என்னைவிட ஒழுங்கு. அவர் கோபத்தில் “இவ” என்றார். நான் கோபத்தில் “அவன்” என்றேன்.

காலை அஞ்சு மணிக்கு எல்லாம் சரியானபின் ஒரு நீளமான மெசேஜ் எழுதினேன். மூன்று பத்தி. என் வளர்ப்பு, என் வெட்கம், நான் எவ்வளவு படிக்கிறேன், எவ்வளவு ஆதரவானவன் என்பதெல்லாம் அதில் இருந்தது. இப்போது படித்தால் நமீதா சொன்ன கதைக்கு நான் அழுத அழுகை மாதிரியே இருக்கிறது: விஷயம் அவளுடையது, பேச்சு முழுக்க என்னைப் பற்றியது. மத்தியானம்தான் பதில் வந்தது: “சரி விடு மச்சி. ரூட் காஸ் நான் எழுதறேன், நீ ரிவ்யூ பண்ணு.” என்னை மன்னித்தாளா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை தெரியாது. “மச்சி”யை அவள் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான் தெரியும். நான் இன்னும் அவளைத் திரும்ப அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா, கூடாதா, பெண்ணை “மச்சி” என்பதா என்று ஒவ்வொரு முறையும் நாக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

தான் யாருக்கும் செய்தியாக வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய இரண்டு விவரங்களை அவளே மாற்றிக் கொடுத்தாள். வரைவைப் படித்துவிட்டு, “பிக் பாஸ் பத்தி எழுதுன பாதி ஓகே, உன் கண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி” என்றாள். ஒரு பத்தியை வெட்டினேன்.

நர்த்தகி நடராஜின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் பத்மஸ்ரீ கிடையாது. மதுரையிலிருந்து ஆடக் கற்றுக்கொள்ளத் தஞ்சாவூர் போனபோது, தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளை அவருக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். “நர்த்தகி” என்ற பெயரும் அவர் வைத்ததுதான். வேட்டி கட்டிய, பழைய தலைமுறை, மரபு மரபு என்று வாழ்ந்த மனிதர். டவுன்ஹாலும் இல்லை, சொற்பட்டியலும் இல்லை. அடவு சரியில்லை என்றால் திட்டியிருப்பார். எந்த விகுதியில் திட்டினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

எங்கள் ஏரியாவுக்கும் பெயர் மாறியிருக்கிறது. பள்ளிக்கரணை 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2018இல் மாவட்டமே காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு மாறியது. அம்மா இன்னும் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் முதலில் “காஞ்சி” என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, “சென்னை” என்று எழுதுகிறார். பழக்கம்தான். ஆனால் யார் மேலும் கோபம் வந்து அவர் காஞ்சிபுரம் என்று எழுதி நான் பார்த்ததில்லை.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. எங்கள் கோடு முழுக்க கிட்டில் இருக்கிறது. கிட்டில் யார் எந்த வரியை எழுதினார்கள் என்பது அழியாது. நாலு வருஷத்தில் அவள் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் கமிட்டுகளில் பழைய பெயர். ஏதாவது உடைந்தால் யார் வேண்டுமானாலும் பிளேம் கமாண்டை அடிப்பார்கள், பழைய பெயர் திரையில் வந்து நிற்கும். டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், அவளிடமே வந்து, “அக்கா, இந்தப் பேர்ல ஒருத்தர் இருந்தாரே, வேலையை விட்டுட்டாரா?” என்று கேட்டிருக்கிறான். கிட்டில் மெயில்மேப் என்று ஒரு சின்ன வசதி உண்டு. அந்தப் பெயரில் ஒரு கோப்பை வைத்து, பழைய மின்னஞ்சலுக்கு எதிரே புதுப் பெயரை எழுதிவிட்டால் போதும். வரலாற்றில் ஒரு எழுத்தும் மாறாது, காட்டும்போது மட்டும் புதுப் பெயரைக் காட்டும். லின் கான்வேயின் ஐபிஎம் வேலைக்கு அப்படி ஒரு வரி இருந்திருக்கலாம். ஒரே ஒரு சங்கடம்: அந்த வரியில் பழைய மின்னஞ்சலை ஒருமுறை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு கோப்பு, ஒரு வரி. விளக்கத்தில் அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. ரிவ்யூவராக என் பெயர். கமென்ட் பெட்டியில் ஏதோ எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, அப்ரூவ் கொடுத்தேன். மெர்ஜ் ஆனதும் டெர்மினலைத் திறந்து, அந்த இரவு விழுந்த ஃபைலில் பிளேம் அடித்துப் பார்த்தேன். எல்லா வரியிலும் அவள் பெயர். பிழை இருந்த அந்த வரியை இப்போதுதான் சரியாகப் படித்தேன். அதற்கு இரண்டு வரி மேலே, பிழைக்கே காரணமான இன்னொரு வரி இருந்தது. அதன் எதிரே என் பெயர்.